நோட்டீஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி

கலைக்குழு பேசி முடித்தாயிற்று, தேதி குறித்தாயிற்று, ஃப்ளெக்ஸ் அச்சுக்குப் போயாயிற்று. அதற்கப்புறம் "மக்கள் பங்கேற்பு" என்று ஒரு ஊர்க்கூட்டம் போடுகிறார்கள். வேப்பமரத்தடியில் நாற்பது பேர் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "நீங்களே பாத்து செய்யுங்க சார்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிறார்கள். ஊர் சம்மதித்துவிட்டது என்று அமைப்பாளர் டைரியில் எழுதிக்கொள்கிறார். அந்த வாக்கியத்துக்கு ஊரில் அர்த்தம் வேறு. இது உங்க நிகழ்ச்சி. நேரம் இருந்தா வந்து பார்ப்போம். கலாட்டா ஆனா எங்களக் கேக்காதீங்க.

திருவண்ணாமலை, விழுப்புரம், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சி நடத்த நினைக்கும் வாசகர் வட்டங்கள், இளைஞர் மன்றங்கள், தொண்டு நிறுவனங்களுக்காக இந்தப் பதிவு. முந்நூறு வீடு உள்ள ஊர், இரண்டு இரவு, அதில் ஓர் இரவு தெருக்கூத்து என்று வைத்துக்கொண்டு பேசுவோம். கையில் மூன்று மாதமாவது இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் முடித்தாக வேண்டும் என்றால் டவுனில் ஒரு மண்டபம் பிடித்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது.

<b>ஊர் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் திட்டம்</b>

திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊரில் பாரதம் என்கிற மகாபாரதத் திருவிழா எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். காப்புக் கட்டியதிலிருந்து தீமிதி வரை எல்லாம் நாள்கணக்கு. பிற்பகலில் பிரசங்கி பாரதம் சொல்வார். அதை ஒட்டிய கதை இரவில் கூத்தாக வரும். இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று ஓடிவிடாமல் இருக்க, எந்த இரவு எந்தக் கதை என்பது முன்கூட்டியே பேசி வைத்ததாக இருக்கும். ஒவ்வோர் இரவுக்கும் ஓர் உபயதாரர். அர்ஜுனன் தபசுக்குப் பனைமரம் யார் தோப்பிலிருந்து, துரியோதனன் வீழும் படுகளத்துக்கு அவன் மண்ணுருவம் போடுவது யார், ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாடு எந்த வீட்டில் என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கும். ஒரு ஃபைல்கூட இல்லாமல் இத்தனையும் நடத்துகிற ஊருக்குச் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொண்டுபோய், திட்டமிடக் கற்றுத்தருகிறோம் என்று உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே சிரிக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அதற்காக அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. அது தலைக்கட்டு வரியின் மேல் நிற்கிறது. வரி நோட்டில் பேர் இருப்பவருக்குத்தான் கூட்டத்தில் பேச்சு. தலைக்கட்டு என்றால் பெரும்பாலும் கல்யாணமான ஆண். கணவனை இழந்தவர் வீடு பல இடங்களில் அரைத் தலைக்கட்டு, சில இடங்களில் கணக்கிலேயே வராது. காலனியிடம் வரி வாங்காத ஊர்களும் உண்டு. வெளியாள் கண்ணுக்கு அது சலுகையாகத் தெரியும். உண்மையில் அது கதவடைப்பு. வரி கொடுக்காதவர் கணக்குக் கேட்க முடியாது, தேதி சொல்ல முடியாது, சாமி எங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று சொல்ல முடியாது.

ஆகவே முறையை ஊரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், நோட்டைப் புதிதாகப் போடுங்கள். இடம், தேதி, பணம் ஆகிய மூன்றையும் யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் பங்கேற்பு இருக்கிறது. கரகமா ஒயிலா கூத்தா என்பது நாலாவதாக வரும் பேச்சு. வெளியிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் அந்த நாலாவதில் ஆரம்பித்து, முதல் மூன்றையும் தாங்களே முடிவு செய்துவிட்டுப் போகிறார்கள்.

<b>முதல் மாதம் கூட்டமே வேண்டாம்</b>

கோயில் வாசலில் கூட்டம் போட்டால் பேசுகிறவர்கள் யார் என்பது கூட்டம் தொடங்கும் முன்பே முடிவாகிவிடும். முதல் மாதம் நடங்கள். காலை ஆறு மணிக்கு டீக்கடை, ஆறரைக்குப் பால் சொசைட்டி, நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை, ரேஷன் கடை வரிசை, மகளிர் குழுவின் மாதக் கூட்டம், சாயங்காலம் காலனித் திண்ணைகள். தர்மகர்த்தாவையும் நாட்டாண்மையையும் முதல் நாளே போய்ப் பார்த்துவிட வேண்டும். மறைத்துச் செய்வதாகத் தோன்றினால் அத்தோடு காரியம் கெட்டது. ஆனால் அவர்களோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அவர் இல்லாமல் எரவானத்துக்கு உள்ளே பேச்சு நகராது.

"உங்களுக்கு என்ன கலை வேணும்?" என்று கேட்காதீர்கள். "எதுவானாலும் சரி" என்பார்கள், இல்லையென்றால் "ஆடல் பாடல் வையுங்க" என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: கடைசியா இந்த ஊர்ல கூத்து எப்ப நடந்துச்சு? வெத்தல பாக்கு வெச்சது யாரு? ஏன் நின்னு போச்சு? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களை அப்படியே எழுதுங்கள். முதல் மரியாதையில் தகராறு, கணக்கில் சந்தேகம், நடு ராத்திரியில் அடிதடியாகிப் போலீஸ் வந்தது, கூத்து நடந்த களத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டார்கள், கூத்துக் குழுவை நடத்திய வாத்தியார் தவறிவிட்டார். ஒரே ஊரில் நாலு தெருவில் நாலு காரணம் வரும். எது உண்மை என்று தேடாதீர்கள். நாலும் சேர்ந்ததுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய பட்டியல். உங்கள் நிகழ்ச்சியும் இதே நாலு இடத்தில்தான் உடையும்.

அடுத்தது தரையில் வரைபடம். காகிதம் வேண்டாம். காகிதத்தைக் கண்டால் எழுதத் தெரிந்தவர் கைக்கு அது போய்விடும். இரண்டு கிலோ கோலமாவு, கொஞ்சம் செங்கல் பொடி, வேப்பிலை, புளியங்கொட்டை போதும். பெண்களிடம் மாவைக் கொடுத்து ஊரைப் போடச் சொல்லுங்கள். தெரு, கோயில், பள்ளிக்கூடம், களம், டாஸ்மாக், பஸ் நிற்கும் இடம், எரிகிற தெருவிளக்கு, எரியாத தெருவிளக்கு. இருட்டிய பின் தனியாகப் போகத் தயங்கும் வழிக்குச் செங்கல் பொடி. இதை ஊருக்குள் ஒரு தடவை, காலனியில் ஒரு தடவை, தனித்தனியாகச் செய்யுங்கள். இரண்டையும் செல்போனில் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர் போட்ட படத்தில் காலனி பெரும்பாலும் ஓரத்தில் ஒரு கட்டம், அதற்குள் தெருக்கூட இருக்காது. காலனி போட்ட படத்தில் ஊர்த்தெருக்கள் எல்லாம் பெயரோடு இருக்கும், எந்தத் தெரு வழியாகப் போனால் பேச்சு கேட்க வேண்டும் என்பது உட்பட. நிகழ்ச்சிக்கு இடம் பார்ப்பது இந்த இரண்டு படத்தையும் வைத்துத்தான்.

ஊரில் இருக்கும் கலைஞர்களைக் கண்டுபிடிப்பதும் இந்த மாதத்து வேலை. "இங்க கலைஞர்கள் யாராவது இருக்காங்களா?" என்றால் இல்லை என்றுதான் பதில். நடவுக்குப் போனால் பாட்டு எடுத்துக் கொடுப்பது யார், சாமி அழைக்கும்போது பம்பையும் உடுக்கையும் அடிப்பது யார், கும்மியில் முதல் அடி சொல்வது யார் என்று கேட்டால் பெயர்கள் வரும். ஒப்பாரி பாடுகிறவர்கள் பெயரும் வரும். ஆனால் சாவு வீட்டுக்கு வெளியே ஒப்பாரி பாடுவதைப் பலர் ஆகாது என்று நினைக்கிறார்கள். மைக் முன்னால் நிறுத்தி வற்புறுத்தாதீர்கள். அதே அம்மாவுக்கு நடவுப் பாட்டும் தாலாட்டும் தெரிந்திருக்கும்.

பறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர் முக்கியஸ்தர் "நம்ம பசங்களையே அடிக்கச் சொல்லிடலாம், ஒண்ணும் கொடுக்க வேணாம்" என்று தாராளமாகச் சொல்வார். அது கலை நிகழ்ச்சி இல்லை, பழைய ஊழியம். வேண்டாம் என்று பறையைக் கீழே வைத்தவர்களின் பிள்ளைகளைத் திரும்ப அந்தக் கயிற்றை மாட்டச் சொல்கிறோமா என்று அவர்களிடமே நேரில் கேட்க வேண்டும். விருப்பம் இருந்தால் வெளியூர்க் குழுவுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம், அதே அச்சாரம், நோட்டீஸில் குழுவின் பெயரோடு ஆட்டக்காரர்கள் பெயரும். விருப்பம் இல்லை என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. ஏன் என்று குடையக் கூடாது.

<b>தேதி</b>

தேதியை ஊர் சொல்லட்டும் என்று விட்டால் மட்டும் போதாது. ஐந்து காலண்டரை ஒன்றன்மேல் ஒன்று வைக்க வேண்டும்: விவசாயம், மழை, பள்ளித் தேர்வு, கோயில், குழுக்களின் சீசன். சம்பா அறுப்பு தையில் முடிகிறது. மார்ச்சில் பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத்தேர்வு. பங்குனியிலிருந்து ஆடி வரை கூத்துக் குழுக்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை. எல்லாம் கழித்தால் இந்தப் பக்கத்து ஊர்களுக்கு மாசி முதல் பாதி நன்றாகப் பொருந்துகிறது. பன்னிரண்டாம் வகுப்புக்கு அப்போது செய்முறைத் தேர்வு இருக்கக்கூடும், மேல்நிலைப் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். பௌர்ணமியை ஒட்டிய சனி, ஞாயிறு கிடைத்தால் இன்னும் நல்லது, வீடு திரும்ப வெளிச்சம் இருக்கும். தேர்தல் அறிவிப்பு வரக்கூடிய வருடம் என்றால் மாற்றுத் தேதி ஒன்று கையில் இருக்கட்டும். நடத்தை விதிகள் வந்துவிட்டால் அனுமதி, மேடையில் யார் ஏறுவது எல்லாமே வேறு கதை.

மாசி என்று முடிவானால் ஜனவரி 26 கிராம சபையை விடாதீர்கள். வருடத்தில் ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி நிலத்தைப் பயன்படுத்துவது, குடிநீர் லாரி, தெருவிளக்குப் பழுது, மறுநாள் சுத்தம் ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதி வாங்க இதைவிட நல்ல இடம் இல்லை. தலைவர் வாயால் சொன்ன அனுமதி, தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் மனஸ்தாபம் வந்த அன்று காணாமல் போகும்.

<b>விடிய விடியவா, பத்து மணி வரையா</b>

பலர் கடைசி வாரத்தில் முட்டிக்கொள்ளும் இடம் இது. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக வருடத்தில் 15 நாள் மிகாமல், இரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். கூம்பு ஒலிபெருக்கி எந்த நேரத்திலும் வேண்டாம், போலீஸ் கழற்றச் சொல்லும். பெட்டி ஸ்பீக்கர் வையுங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுக்கும்போது தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், எதிர்பார்க்கும் கூட்டம், பொறுப்பாளர் மூன்று பேரின் பெயர் எல்லாம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். நிகழ்ச்சிக்கு இருபது நாள் முன்பே இதை முடிக்க வேண்டும்.

கோயில் கூத்து இரவு பத்துக்குத் தொடங்கி விடிய முடிவது. அதை மாலை நிகழ்ச்சியாகச் சுருக்கும்போது ஆறு மணிக்குத் தொடங்கலாம் என்று அமைப்பாளர் கணக்குப் போடுவார். ஆறு மணிக்கு வருவது பிள்ளைகளும் ரிடையர்டு ஆனவர்களும் மட்டும். மாடு கறந்து, சோறாக்கி, பாத்திரம் கழுவி வரப் பெண்களுக்கு ஏழரை ஆகிறது. ஆக ஏழரை முதல் பத்து வரை, இரண்டரை மணி நேரம். இதற்குள் எதை ஆடுவது என்பதை வாத்தியார்தான் சொல்ல வேண்டும். முழு இரவுக் கதையை வேகமாக ஓட்டச் சொல்லிவிட்டு, களரி கட்டுவதையும் (தொடக்க வாத்திய இசை) திரைக்குப் பின்னால் பாடியபடி வேஷங்கள் வருவதையும் வெட்டுவதுதான் எல்லாரும் செய்வது. மரக் கிரீடமும் ஆபரணமும் அணிந்த ஒரு பெரிய கட்டை வேஷம் திரையை விலக்கி முழுதாக வெளியே வர அரை மணிகூட ஆகும். அதைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது. அதை வெட்டினால் மிஞ்சுவது கிரீடம் வைத்த மேடைப்பேச்சு. கதையின் ஒரு துண்டை எடுத்து, அந்தத் துண்டை அதன் நடையிலேயே ஆடச் சொல்லுங்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரனுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஊர் விஷயத்தைக் கூத்துக்குள் கொண்டுவரக்கூடியவர் அவர்தான். ஊரிலிருந்து இரண்டு பேர் முந்தின நாளே அவரோடு உட்கார்ந்து, தண்ணீர் வராத குழாய், பஸ் வராத வழித்தடம் என்று விவரம் கொடுத்தால் அந்த இருபது நிமிடம் ஊருடையதாகிவிடும்.

எந்தக் கதை என்பதிலும் ஊரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். கர்ண மோட்சம் அருமையான கூத்துதான். ஆனால் இந்தப் பக்கத்தில் கருமாதிக்கு வைக்கும் கூத்தும் அதுவே. நூலகத் திறப்புக்கு அதைப் போட்டால் பெரியவர்கள் வாய்திறக்காமல் முகம் சுளிப்பார்கள். விராட பருவம் மழை வேண்டி வைப்பது; அறுத்த நெல் களத்தில் கிடக்கும்போது வைக்கலாமா என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். கேலியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாத்தியாரையும் ஊரில் கூத்துப் பார்த்துப் பழகிய நாலு பேரையும் ஒரு பகல் பொழுது உட்காரவைத்தால், எது பொருந்தும் என்று அவர்களே முடித்துவிடுவார்கள். அந்த நாலில் ஒருவராவது பெண்ணாக, ஒருவராவது காலனியிலிருந்து இருக்க வேண்டும். கூத்தை விடியும் வரை உட்கார்ந்து பார்த்தவர்கள் அங்கேயும் உண்டு.

<b>இடம்</b>

கோயில் வாசலில் வைத்தால் செலவு குறைவு, கூட்டம் தானாக வரும். யார் வர மாட்டார்கள் என்பதும் அங்கேயே முடிவாகிவிடும். "எல்லாரும் வரலாம், யாரும் தடுக்கலயே" என்பது பதில் ஆகாது. காலனியிலிருந்து அந்த இடத்துக்கு எந்தத் தெரு வழியாக வர வேண்டும், இரவு பத்தரைக்கு ஒரு பெண் அதே வழியில் திரும்பிப் போவாளா என்று கோலமாவுப் படத்தை வைத்துப் பாருங்கள். ஒரு நாள் ஊரில், ஒரு நாள் காலனியில் என்று பங்கு போடுவதைச் சிலர் நியாயம் என்று நினைக்கிறார்கள். நடப்பது என்னவென்றால், முதல் நாள் காலனிக்காரர்கள் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள், இரண்டாம் நாள் ஊர்க்காரர்கள் வரவே மாட்டார்கள். பிரிவுக்கு நீங்களே ஃப்ளெக்ஸ் வைத்தது போல ஆகிவிடும். இரண்டு பக்கத்திலிருந்தும் தனி வழி உள்ள ஒரே திடலைத் தேடுங்கள். பெரும்பாலும் அது பள்ளி மைதானம் அல்லது ஊராட்சிக் களம். பள்ளி என்றால் தலைமையாசிரியர் சரி என்பது மட்டும் போதாது, கல்வித்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதியும் வேண்டும்.

தரையில் உட்காரும் ஒருவருக்கு ஆறு சதுர அடி வையுங்கள். 400 பேருக்கு 2,400. அதாவது அறுபதுக்கு நாற்பது. ஆட்டத்துக்கு இருபதுக்கு இருபது தனி. நடுவில் நாலடி வழி. கூத்துக்கு உயர மேடை தேவையில்லை. மூன்று பக்கமும் ஜனம், பின்னால் பின்பாட்டுக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் அதன் அமைப்பு. பின்வரிசைக்குத் தெரியவில்லை என்று மேடை போட்டே ஆக வேண்டுமானால் இரண்டடிக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் போனால் முன்னால் தரையில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சலங்கைக் கால் தெரியாது. தரை என்றால் கல், முள் பொறுக்கி, சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீர் தெளியுங்கள். ஏழு மணிக்குத் தெளித்தால் சேறாகி, கிறிக்கி அடித்துச் சுழலும்போது கால் வழுக்கும்.

<b>பணம்</b>

வெளிநிதி முழுதாகக் கிடைத்தாலும் ஊரிடம் கொஞ்சம் வாங்குங்கள், எல்லா வீட்டிலும் வாங்குங்கள். பணத்தைவிட நோட்டில் பெயர் வருவதுதான் முக்கியம். தலைக்கட்டுக் கணக்கை விட்டுவிட்டு அடுப்புக் கணக்கு எடுங்கள். ஓர் அடுப்பு, ஒரு பெயர். அந்தப் பெயர் வீட்டுப் பெண்ணின் பெயராக இருக்கட்டும். 300 அடுப்பு, ஆளுக்கு 50 ரூபாய் என்றால் 15,000. ஐம்பது முடியாத வீடு அரிசியோ விறகோ தரலாம், அதற்கும் ரசீது உண்டு. நீங்கள் கொண்டுவரும் தொகை எவ்வளவு என்பதையும் இதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இதை மறைத்தால் "லட்சக்கணக்குல வந்துச்சாம்" என்ற பேச்சு மூன்றாம் நாள் டீக்கடைக்கு வந்துவிடும். அதற்கப்புறம் எந்த விளக்கமும் எடுபடாது.

தனி ஆள் பெரிய தொகை தர முன்வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பத்தாயிரம் தருபவர் பேனர் கேட்பார், மேடை கேட்பார், பொன்னாடை கேட்பார். பொன்னாடையே கிடையாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுவது நல்லது. ஒருவருக்குப் போர்த்தினால் பத்துப் பேர் கோபிப்பார்கள், பத்துப் பேருக்கும் போர்த்தினால் நாற்பது நிமிடம் போச்சு. நோட்டீஸில் கலைஞர்கள் பெயர் மட்டும். மற்றவர்களை "ஊர்ப் பொதுமக்கள்" என்ற ஒரே வரியில் அடக்கினால் முதலில் முணுமுணுப்பார்கள், அப்புறம் அதுவே நிம்மதி என்பார்கள்.

குழுவுக்கு வெற்றிலை பாக்கு, பழத்தோடு அச்சாரம் கொடுப்பது மரியாதை. கூடவே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, கதை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர் (கூத்துக் குழு பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேர் வரை இருக்கும்), வேன் வாடகை யார் பொறுப்பு, எத்தனை வேளைச் சாப்பாடு. மழை பற்றியும் எழுதுங்கள். களரி கட்டுவதற்கு முன் மழை வந்தால் பாதிச் சம்பளம், கட்டிய பின் வந்தால் முழுச் சம்பளம் என்பது இரு தரப்பும் ஒத்துக்கொள்ளக்கூடிய கணக்கு. மீதிப் பணம் வேஷம் கலைக்கும்போதே கைக்குப் போக வேண்டும். செக் வரும், பில் பாஸ் ஆகணும் என்று சொல்லும் நிறுவனம், முன்கூட்டியே ரொக்கத்துக்கு வழி செய்துகொண்டு வரட்டும். குழுவுக்குள் பங்கு பிரிப்பது அன்றைக்கே நடக்கும் காரியம். வாத்தியார் கைக்காசைப் போட்டுப் பிரித்துவிட்டு உங்களுக்காகக் காத்திருக்க முடியாது. ஆட்டக்காரர்களில் யாரிடம் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டு, மாவட்டத்தில் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தால் அது பொன்னாடையைவிடப் பெரிய மரியாதை. வாரியம் 2007-இலேயே வந்துவிட்டது, இன்னும் அட்டை இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

<b>அன்றைய இரவு</b>

வேஷம் கட்ட இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். ஏழரைக்கு ஆட்டம் என்றால் நாலரைக்குள் குழு வந்து சேர வேண்டும். நாலு பக்கமும் மறைத்த கொட்டகை, நல்ல வெளிச்சம், தரையில் விரிக்கப் பாய், இரண்டு குடம் குடிதண்ணீர், அரிதாரம் கலைக்கத் தேங்காயெண்ணெய் ஒரு லிட்டர், வாளி, சோப்பு. கட்டை ஆபரணப் பெட்டிகள் இருக்கும் இடத்தில் ஊர்ப்பிள்ளைகள் எட்டிப் பார்க்கட்டும், விரட்டாதீர்கள். ஆனால் செருப்போடு யாரும் உள்ளே போகாமல் ஒருவர் நிற்க வேண்டும். கரகம் ஆடவரும் பெண் கலைஞர்கள் இருந்தால் உடை மாற்றத் தனி இடம், உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறை. ஆட்டத்தின்போது ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்த வருகிறவர்களைத் தடுப்பது குழுவின் வேலை இல்லை, உங்கள் வேலை. அன்பளிப்பெல்லாம் உண்டியலில் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

எல்.இ.டி. போகஸ் ஆறு, ட்யூப்லைட் முப்பது, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் சேர்த்து மூன்று கிலோவாட்டுக்குள் முடியும். 7.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தாராளம். அதை ஆட்டக்களத்திலிருந்து 150 அடி தள்ளி, காற்று ஜனத்தின் மேல் புகையைத் தள்ளாத பக்கமாக வையுங்கள். கிட்டே வைத்தால் கூத்தின் குழல் வாத்தியமான முகவீணை காதில் விழாது. மின்வாரியத்தின் தற்காலிக இணைப்பு என்றால் இரண்டு வாரம் முன்பே மனு. கம்பியில் கொக்கி போடலாம் என்று சொல்லும் ஆள் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார், அவரை டீ வாங்க அனுப்பிவிடுங்கள். தொங்கவிடும் மைக் மூன்று போதும். கிரீடம் வைத்த ஆள் நின்றால் முட்டாத உயரத்தில், களத்தின் முன்பாதியில் கட்டுங்கள். பின்னால் கட்டினால் ஆட்டக்காரர் பாட்டுக்காக மைக்கடியிலேயே நின்றுவிடுவார், ஆட்டம் செத்துவிடும்.

ஒளி-ஒலி, வண்டி நிறுத்தம், வீடியோ மூன்றையும் ஆடல் பாடல் கேட்ட இளைஞர்களிடமே கொடுங்கள். பதிவை யூடியூபில் போடுவதற்கு முன் வாத்தியாரிடம் கேட்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். முழுக் கூத்தும் அங்கே கிடைத்தால் அடுத்த ஊர் அச்சாரம் குறையும் என்பது பல குழுக்களின் கவலை. குடித்துவிட்டு வந்து நடுவில் நிற்பவரை அடக்க வெளியாள் போகக் கூடாது, போலீஸும் கடைசியில்தான். அவர் தெருக்காரர்தான் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதனால் ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு பேர் என்று முன்பே பேசி வையுங்கள். சமையல் ஒரே அடுப்பு, பந்தி ஒரே பந்தி, டம்ளர் ஒரே மாதிரி. இதை எழுதி வைக்கத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் எழுதியே வையுங்கள்.

பெண்கள் பக்கம் கழிப்பறை இரண்டு, 200 லிட்டர் டிரம் தண்ணீரோடு. இது இல்லாவிட்டால் ஒன்பது மணிக்கே பாதிக் கூட்டம் எழுந்துவிடும், அமைப்பாளருக்குக் காரணமும் தெரியாது.

கணக்கை எட்டு நாளுக்குள் ரேஷன் கடைச் சுவரிலும் காலனி டீக்கடையிலும் ஒட்டுங்கள். வரவு, செலவு, மீதி, மீதி யாரிடம் இருக்கிறது. மீதி 1,200 ரூபாய் என்றாலும், ஊரிலிருந்து ஒருவர், காலனியிலிருந்து ஒருவர் பெயரில் கூட்டுக் கணக்கில் போடுங்கள். அடுப்பு நோட்டும் அந்த இருவரிடமே இருக்கட்டும்.

திடலைக் கூட்டுவது யார் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் மறுநாள் காலை ஊராட்சியின் தூய்மைப் பணியாளரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவர் எந்தத் தெரு என்று சொல்லத் தேவையில்லை. தெருவுக்கு நாலு பேர், பெயரோடு. பன்னிரண்டு விளக்குமாறு, பதினைந்து சாக்கு, இரண்டு தட்டுவண்டி. ஆறரைக்குத் தொடங்கினால் வெயில் ஏறும் முன் முடிந்துவிடும். அமைப்பாளர் பெயர் அந்தப் பட்டியலில் முதலில் இருக்கட்டும்.